விழுவதற்காக ஒரு மும்பைப் பயணம்

ஜூலை 9, புதன்

திருநெல்வேலியில் ரயிலேறி, இரண்டு இரவுகள் கழித்து இன்று மும்பை வந்து சேர்ந்தேன். லோனாவாலா தாண்டி மலையிறங்கும்போது பாறைகளில் வழிந்த அருவிகளைப் பார்க்கப் பெட்டி முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. நகரம் தொடங்கியதும் எல்லோரும் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் அது விட்ட நேரத்தை நான் பார்க்கவில்லை.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், தாராவி 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருக்கிறார். தோல்பை தைக்கும் பட்டறையில் 30 ஆண்டுகளாக வேலை. கீழே ஓர் அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. மேலறையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர்கள் நால்வரும் கீழே படுத்துக்கொண்டார்கள். நான் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பழக வந்திருக்கிறேன் என்பதை அண்ணனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. "கராத்தேயா?" என்றார். இல்லை என்றேன். "ஜூடோவா?" அதுவும் இல்லை. "பொறவு என்னதாம்ல செய்வீங்க?" அடிக்க வருகிறவரோடு மல்லுக்கு நிற்காமல், அவர் வந்த வேகத்தோடு சேர்ந்து திரும்பி அவரைக் கீழே கிடத்துவது, நாங்கள் பழகும் பிரிவில் போட்டி கிடையாது, கோப்பை கிடையாது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது.

இரக்கத்துக்கு இடமுண்டு. எனக்கு 49 வயது. பள்ளியில் 24 ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில் நாங்கள் பத்துப் பேர் வாரம் மூன்று நாள் ஐகிடோ பழகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முகூர்த்த நாள்களில் விடுமுறை. எங்களுக்குக் கற்றுத் தருபவருடைய ஆசிரியர் முலுண்டில் இருக்கிறார். மழைக்காலத்தில் அவர் ஒரு வாரம் நடத்தும் பயிற்சிக்கு ஒருவராவது போய்வர வேண்டும் என்று முடிவாகி, விடுப்பு மீதமிருந்த ஒரே ஆள் என்ற தகுதியால் நான் தேர்வானேன்.

ஜூலை 10, வியாழன்

விடியற்காலை 4 மணிக்கே எதிர்வீட்டில் இட்லிக் கொப்பரைகள் ஏறிவிட்டன. ஆறரை மணிக்குள் சுடச்சுட அலுமினிய அடுக்குகளில் நிரப்பி, சட்னி வாளியும் சாம்பார் வாளியும் தொங்கவிட்டு, சைக்கிளில் ரப்பர் ஹாரனை அமுக்கியபடி அவர்கள் நகரத்துக்குள் கலைந்து போகிறார்கள். நம் சந்துக்காரர் என்ற சலுகையில் எனக்கு ஆறு இட்லி 30 ரூபாய். மதினி அதற்கு மேல் தானும் நான்கு வைத்தார். போதும் மதினி, போதும் என்று சொல்லிக்கொண்டே தின்றேன்.

மாலையில் சயானிலிருந்து மெதுவண்டியில் முலுண்டு. இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். குர்லாவில் ஏறியவர்கள் என்னைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினார்கள் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் பண்டுப் தாண்டியதும் பின்னாலிருந்து ஒருவர் என் தோளை மெல்லத் தட்டி, "ஆகே உதர்ணா ஹை க்யா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். இறங்கப் போகிறவர்களெல்லாம் ஒருவர் பின் ஒருவராக வாசல் நோக்கி நகர, இறங்காதவர்கள் தோளைத் திருப்பி வழிவிட்டார்கள். எதிர்க்காமல் திரும்பி வழிவிடுவதற்கு எங்கள் பயிற்சியில் தென்கான் என்று பெயர். பெரிய கண்டுபிடிப்போடு வந்ததாக நினைத்து அதைப் பயிற்சிக் கூடத்தில் சொன்னேன். வெளியூரிலிருந்து வருகிற எல்லோரும் முதல் நாளே இதைச் சொல்வார்கள் என்றார் சென்செய், அதாவது முலுண்டு ஆசிரியர். ரயிலில் யாரும் முடிந்த பிறகு உங்களுக்கு வணக்கம் சொல்வதில்லையே என்றும் சிரித்துக்கொண்டே சேர்த்தார்.

டோஜோ என்றால் ஜப்பானிய மொழியில் நெறியைப் பயிலும் இடம். பெயர்தான் பெரிது, இது ஒரு பழைய பள்ளியின் இரண்டாம் மாடிக் கூடம், வாடகைக்கு. வாசலில் செருப்புகள் அனைத்தும் மூக்கு வெளிப்பக்கம் பார்க்க அடுக்கப்பட்டிருந்தன. நான் கழற்றிப் போட்ட செருப்பை ஒரு பதினாறு வயதுப் பெண் குனிந்து திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மறுமுறை நானே திருப்பி வைத்தேன்.

கூடம் வாடகைக்கு என்பதால் ஒவ்வொரு நாளும் விரிப்புகளைப் போட்டு எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரம், பல்லோடு பல் பொருந்தும் கனத்த ரப்பர் நுரை, மொத்தம் 80. முதலில் எல்லோரும் வரிசையாகக் குனிந்து ஈரத்துணியால் தரையைத் துடைத்தோம். அதற்கு சோஜி என்று பெயர். எனக்கு இடப்பக்கம் துடைத்தவர் பல் மருத்துவர், வலப்பக்கம் டெம்போ ஓட்டுநர், மூன்றாவதாகச் சென்செயே. பள்ளியில் வகுப்பறையைப் பெருக்கப் பிள்ளைகளை முறை வைத்து அனுப்புகிற எனக்குத் துடைப்பத்தைக் கையில் பிடித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற கணக்கு அங்கேயே வந்துவிட்டது.

கூடத்தின் முன்பக்கத்தில், காமிசா எனப்படும் மதிப்பான இடத்தில், மொரிஹெய் உயெஷிபாவின் சிறிய படம். 1883இல் தனாபேயில் பிறந்து 1969இல் மறைந்த அவர்தான் இந்தக் கலையை உருவாக்கியவர். ஓ-சென்செய், அதாவது பெரிய ஆசிரியர், என்பார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அந்தப் படத்தை நோக்கித் தரையில் கைவைத்துக் குனிகிறோம். ஊரில் எங்கள் சபையார் சிலர் இதைப் பற்றி என்னிடம் கேட்டதுண்டு, எனக்கும் முதல் ஆண்டில் உறுத்தல் இருந்தது. இங்கே வரிசையில் நெற்றியில் விபூதி இருந்தது, தொழுகைத் தழும்பும் இருந்தது. யாரும் இதை வழிபாடாக எண்ணுவதாகத் தெரியவில்லை. படத்துக்குக் குனிந்த அதே அளவு அடுத்த நிமிடம் ஒருவருக்கொருவர் குனிந்து, "ஒனெகாய்ஷிமாசு" என்றோம். தயவுசெய்து என்பதற்கு நெருக்கமான சொல். உங்கள் உடம்பை எனக்குக் கடன் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்று நான் அதைப் புரிந்துவைத்திருக்கிறேன்.

என் முதல் இணை ஒரு மாமி. வயது அறுபதுக்கு மேல், பாலக்காட்டுப் பூர்விகம், பிறந்து வளர்ந்தது எல்லாம் மும்பை, வங்கியில் ஓய்வுபெற்றவர், ‘தான்’ எனப்படும் படிநிலைகளில் இரண்டாவதை எட்டிய கறுப்புப் பட்டை. என் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, "திருநெல்வேலியா? அல்வா கொண்டுவந்தேளா?" என்றார். கொண்டுவந்திருந்தேன். அடுத்த நொடி என் மணிக்கட்டு எங்கே போனதென்று தெரியவில்லை, கூரையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்றைய நிகழ்ச்சியை எழுதலாமா வேண்டாமா என்று ஏணிப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன்.

ஐகிடோவில் எப்போதும் இருவர். செய்பவர் நாகே, அல்லது தோரி. தாக்க வந்து, தள்ளப்பட்டு, விழுபவர் உகே. நான்கு முறை ஒருவர் செய்ய, பிறகு நான்கு முறை மற்றவர் செய்வார்; மூத்தவர் இளையவர் என்ற பாகுபாடு இல்லாமல் பாதி நேரம் விழுந்தே ஆக வேண்டும். உகே என்ற சொல்லின் வேர் வாங்கிக்கொள்வது, ஏற்பது. விழும் கலைக்கு உகேமி, ஏற்கும் உடல், என்று பெயர். முன்னால் உருளும்போது சுண்டுவிரல் ஓரம் முதலில் தரையைத் தொட்டு, முன்கை, தோள், முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பு என்று உடல் ஒரு சக்கரமாக ஓட வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், தலை தரையைத் தொடவே கூடாது. பதினொன்றாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்துகிற பாடம்தான் இது: உந்தத்தில் வரும் மாற்றம் அதேதான், ஆனால் அது நிகழும் நேரத்தை நீட்டினால் விசை குறையும். கரும்பலகையில் எழுதுவது சுலபம். என் தோள்பட்டை எலும்பு மட்டும் அந்தச் சமன்பாட்டை இன்னும் ஏற்கவில்லை.

சென்செய் ஷிஹோநாகே என்ற நுட்பத்தைக் காட்ட என்னை அழைத்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அவர் பக்கவாட்டில் நகர்ந்து, என் கையை வாள் உயர்த்துவதுபோல் தலைக்கு மேல் தூக்கி, அடியில் புகுந்து திரும்பி, என் கையை என் தோளின் பின்னால் மடித்து இறக்குவார். நான் பின்பக்கமாக விழ வேண்டும். முப்பது பேர் மண்டியிட்டுச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். பிடித்தேன். நகர்ந்தார், தூக்கினார், திரும்பினார். நான் விழுந்தேன், கையைத் தரையில் ஓங்கித் தட்டி, நல்ல சத்தத்தோடு.

எழுந்தபோது கூடம் அமைதியாக இருந்தது. அவருடைய கைகள் இரண்டும் இடுப்புக்கருகில் சும்மா இருந்தன. திரும்பிய உடனே என் கையை விட்டுவிட்டாராம். மடிக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. நான் தானாக விழுந்திருக்கிறேன்.

நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே, என்றார் ஆங்கிலத்தில், கேலி சிறிதும் இல்லாமல். யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மறுபடி செய்யச் சொன்னார், மறுபடியும் நான் முந்திக்கொண்டேன். மூன்றாவது முறை அவர் வேண்டுமென்றே தவறாகச் செய்தார், என் கையைத் தூக்கிவிட்டு எங்கேயோ போனார், நான் அதற்கும் விழுந்தேன். பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார்: உகே உண்மையாகப் பிடிக்கவில்லை என்றால் நாகே கற்றுக்கொள்வது நாடகம்; உகே மரியாதைக்காக விழுந்தால், தன் நுட்பம் பலிக்கிறது என்ற பொய்யை நாகே வீட்டுக்கு எடுத்துப் போவார், என்றாவது ஒரு நாள் அதை நம்பி அடிபடுவார். அதற்காக மரம்போல் விறைத்து நிற்பதும் உகேயின் வேலை இல்லை, அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு தடுப்பதும் ஒரு பொய்தான். உண்மையாகத் தாக்கு, தொடர்ந்து வா, சமநிலை போனால் விழு, போகாவிட்டால் நில். அவ்வளவுதான்.

மாமி பிறகு தமிழில் இதைச் சுருக்கினார்: "நீங்க ரொம்ப மரியாதையா விழறேள். இங்க அது வேண்டாம்."

எங்கள் ஊரில் மூன்று ஆண்டுகளாக நான் இப்படித்தான் விழுந்திருக்கிறேன் போலும். சொல்லித் தருபவர் என் நண்பர், வயதில் இளையவர், பத்துப் பேர் முன்னால் அவருடைய நுட்பம் பலிக்காமல் போனால் சங்கடமாக இருக்குமே என்று உடம்பே முடிவெடுத்துக்கொள்கிறது. ரயிலில் திரும்பும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பாடம் முடிந்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிஞ்சுது சார்" என்கிறதே. இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்தச் சத்தத்தை நம்பி நான் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

முலுண்டு நிலையத்துக்கு வெளியே வடாபாவ் 20 ரூபாய், பொரித்த பச்சைமிளகாய் இலவசம். இரண்டு தின்றேன்.

ஜூலை 12, சனி

பயிற்சி உடை காயவில்லை. கேகோகி என்கிற அந்தக் கனத்த பருத்திச் சட்டை, உலர்ந்திருக்கும்போதே நம் வேட்டி ஆறேழின் எடை இருக்கும். மேலறையில் குறுக்கே கயிறு கட்டி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, மதினி தேய்ப்புப் பெட்டியால் நான்கு முறை அழுத்தியும் அக்குளும் காலரும் ஈரமாகவே இருந்தன, நனைந்த சாக்கின் வாடையோடு. அதையே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு 7 மணிக்குக் கிளம்பினேன். "ஏல, இந்த மழையிலயா?" என்றார் அண்ணன். அவர் வழக்கமாக எச்சரிக்கிற ஆள் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

வண்டி குர்லாவுக்கு முன்னால் நின்றது. தண்டவாளத்தின் மேல் தண்ணீர். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றது. முதல் கால் மணி நேரம் எல்லோரும் கைப்பேசியில் பேசினார்கள், பிறகு பெட்டி ஒரு வீடாக மாறிவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாகவே எழுந்து, நின்றுகொண்டிருந்தவர்களை முறை வைத்து உட்கார வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவுமில்லை. ஒரு குஜராத்திப் பெரியவர் தேப்லா பொட்டலத்தைப் பிரித்து, தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மீதியை வரிசையில் அனுப்பினார். அது என்னிடம் வந்தபோது அரைத் துண்டு இருந்தது, பொட்டலத்தோடு அடுத்தவரிடம் கொடுத்தேன். பிறகு இறங்கி, முழங்கால் தண்ணீரில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, பேருந்து பிடித்து, முலுண்டு போய்ச் சேர்ந்தபோது 10 மணி. குடை ரயிலிலேயே போய்விட்டது.

தாமதமாக வருபவருக்கு ஒரு முறை உண்டு. விரிப்பின் ஓரத்தில் மண்டியிட்டு, குதிகாலின் மேல் உட்கார்ந்து, சென்செய் பார்த்துத் தலையசைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவர் பார்த்தார். தலையசைக்கவில்லை. பத்து நிமிடம் கழிந்தது. கால் மரத்து, ஈரச் சட்டை முதுகில் ஒட்ட, உள்ளுக்குள் எனக்கு நியாயமான கோபம் வந்தது: தண்ணீரில் நடந்து வந்தவனை இப்படியா? பதினைந்து நிமிடம் ஆனதும் அவர் தலையசைத்தார், எழ முயன்ற நான் மரத்த காலோடு அப்படியே பக்கவாட்டில் சரிந்தேன். இந்த முறை சிரித்தார்கள். நீங்கள் வந்த வேகத்தோடு யாரையாவது பிடித்திருந்தால் அவருக்கு அடிபட்டிருக்கும் என்று பிறகு சென்செய் விளக்கினார். விளக்கத்தை ஏற்கிறேன். ஐந்து நிமிடம் போதாதா என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது.

மழையால் மதியம் யாரும் வெளியே போக முடியவில்லை. கூடத்திலேயே தேநீர். சென்செய் கதை சொன்னார். உயெஷிபா 1912இல் குடியேறிகளோடு ஹொக்கைடோவின் குளிர்ப் பகுதிக்குப் போய் நிலம் திருத்தியதும், 1915இல் அங்கே தாகேதா சோகாகு என்ற கடுமையான ஆசானிடம் தாய்த்தோ-ரியூ என்ற சண்டைக்கலையைக் கற்றதும், 1919இல் தேகுச்சி ஒனிசாபுரோ என்ற சமயத் தலைவரைச் சந்தித்து, 1920இல் அவர் வழியில் அயாபேயில் குடியேறியதும் முன்பே கேள்விப்பட்டவைதான். எலும்பை முறிக்கத் தெரிந்த ஒரு கலையை, முறிக்காமல் விடும் கலையாக அவர் மாற்றியது இந்த இரண்டாவது சந்திப்புக்குப் பிறகுதான் என்பது சென்செயின் கருத்து. போர் நடந்துகொண்டிருந்த 1942இல் அவர் தோக்கியோவை விட்டு இவாமா என்ற கிராமத்துக்குப் போய்ப் பயிர்செய்யத் தொடங்கினார். ஐகிடோ என்ற பெயர் நிலைத்ததும் அந்த ஆண்டில்தான். ஐ என்றால் இணைதல், கி என்றால் மூச்சும் உயிராற்றலும், டோ என்றால் நெறி.

எனக்குப் புதிதாக இருந்தது அடுத்த பகுதி. போர் முடிந்தபோது தோக்கியோவின் தலைமை டோஜோ இடியாமல் நின்றது, ஆனால் பயிற்சிக்கு இடமில்லை: குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. உயெஷிபாவின் மகன் கிஷோமாரு பகலில் பங்கு வணிக நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டு, குடும்பங்கள் போக மிஞ்சிய இடத்தில் பயிற்சியை நடத்தி, மெல்ல மெல்ல மீட்டார். இதைச் சொன்னதும் மாமி, 2005 ஜூலை 26ஆம் தேதியை நினைவுபடுத்தினார். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த அன்று, அலுவலகத்திலிருந்து நடந்து வந்து வீடு சேர முடியாதவர்கள் இதே கூடத்தில், அப்போதிருந்த பழைய விரிப்புகளில் இரண்டு இரவுகள் படுத்திருந்தார்களாம். "அப்பறம் அந்த வாடை போக மூணு மாசம் ஆச்சு," என்றார், என் சட்டையைப் பார்த்தபடி.

ஜூலை 13, ஞாயிறு

காலை முழுவதும் கோல் பயிற்சி. ஜோ என்பது வெண்மரத்தில் கடைந்த 128 சென்டிமீட்டர் நீளக் கோல், கிட்டத்தட்ட அக்குள் உயரம். சிறுவயதில் எங்கள் தெருவில் சிலம்பம் சுற்றியவன் நான். நெற்றி உயரக் கம்புக்குப் பழகிய கைக்கு இது குட்டையாக இருந்தது, அனிச்சையாக ஒரு வீச்சு வீசிவிட்டேன். சென்செய் நிறுத்தி, இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னார். பழைய வரிசையில் பாதி மறந்துவிட்டது, நினைவிலிருந்ததைச் சுற்றினேன். எல்லோரும் பார்த்தார்கள். பாராட்டிவிட்டு, கம்பு உங்களைச் சுற்றி ஒரு வேலி போடுகிறது, யாரும் உள்ளே வரக்கூடாது என்கிறது, இந்தக் கோல் எதிராளி உள்ளே வர ஒரு வாசலைத் திறந்துவைக்கிறது என்றார். சிலம்பத்தில் அடங்கியிருப்பது வேலி மட்டும் அல்ல என்று சொல்ல எனக்கு வாயில் வந்தது, சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைப் பாடம் பேச்சுக்கும் பொருந்துமா என்று தெரியவில்லை.

மதியம் பொதுச் சாப்பாடு. ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். மாமி மொளகூட்டல், பல் மருத்துவர் வீட்டு ஷீர்குர்மா, டெம்போ ஓட்டுநர் வழியில் வாங்கிய 40 பாவ். கோலி இன இளைஞர் ஒருவர் மீன் கொண்டுவருவார் என்று எல்லோரும் என்னிடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதனால் பொம்பில் கருவாட்டை வெங்காயம் போட்டு வறுத்து எடுத்துவந்திருந்தார். என் பங்காக மதினி தந்த மிளகாய்ப்பொடியும் எள்ளெண்ணெயும் பாவோடு சேர்ந்து முதலில் தீர்ந்தன. கருவாட்டுக்குப் பக்கத்தில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து மாமி தயிர்சாதம் சாப்பிட்டதையும் பார்த்தேன்.

மாதக் கட்டணம் 1500 ரூபாய் என்று சொன்னார்கள். அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி இருக்கிறது, அதில் போட்டால் போதும், யார் போட்டார்கள் என்று எழுதுவதில்லை. கூடத்தின் வாடகை கட்டிய மாதமும் உண்டு, கட்டாத மாதம் சென்செய் கையிலிருந்து போட்டதும் உண்டு.

இவ்வளவு இணக்கமா என்று புல்லரித்துப் போய் ஊர் திரும்ப வேண்டாம் என்பதற்காகவோ என்னவோ, சாப்பாட்டுக்குப் பின் பிரிவுகளின் கதை வந்தது. உயெஷிபாவின் மூத்த மாணவர்களே தனித்தனி வழி போனார்கள். ஷியோதா கோசோ 1955இல் யோஷின்கானைத் தொடங்கினார். தோமிகி கெஞ்சி போட்டியையே உள்ளே கொண்டுவந்தார். தலைமைப் பயிற்றுநராக இருந்த தோஹெய் கோயிச்சி 1974இல் விலகினார். உலகெங்கும் சங்கங்கள் அன்றிலிருந்து பிரிந்துகொண்டே இருக்கின்றன. இந்த நகரத்திலேயே பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்ளாத குழுக்கள் உண்டாம். இணைதல் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படியா என்றேன். "ஏன், நம்ம தமிழ்ச் சங்கங்கள் எத்தனை?" என்றார் மாமி. பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போனேன்.

ஜூலை 14, திங்கள்

பயிற்சி இல்லை. வலது தோள் தேங்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. மதினி நொச்சி கிடைக்காமல் புளியிலையை எங்கிருந்தோ வாங்கி வதக்கி ஒத்தடம் கொடுத்தார். அண்ணன் பட்டறையிலிருந்து வந்ததும், "சண்டைன்னு வந்தா இது ஒதவுமாடே?" என்று கேட்டார். உதவலாம், உதவாமலும் போகலாம், மூன்று ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு உறுதியாக வந்திருப்பது வழுக்கிவிழுந்தால் மண்டை உடையாமல் விழுவது மட்டுமே என்று உள்ளதைச் சொன்னேன். இந்தச் சந்தில் அது போதும் என்றார். அன்றிரவே ஏணியின் கடைசிப் படியில் அவரே வழுக்கி உட்கார்ந்துவிட்டு, முகவாயை நெஞ்சோடு வைக்கச் சொல்லித் தரும்படி கேட்டார். சமையலறை மூலையில் ஒரு பாயைப் போட்டுப் பின்பக்கமாக உருளக் காட்டினேன். மிக்ஸி ஸ்டூல் விழுந்ததோடு மதினி வகுப்பை முடித்துவைத்தார்.

ஜூலை 15, செவ்வாய்

கடைசி நாளில் தேர்வு. முதல் நாள் என் செருப்பைத் திருப்பி வைத்த பெண்ணுக்கு இரண்டாம் கியூ, கறுப்புப் பட்டைக்கு முந்தைய படிகளில் ஒன்று. தேர்வு எழுதுபவர் தமக்கு உகேயைத் தாமே அழைக்கலாம். வரிசையில் பலகாலமாக அவளோடு பழகியவர்கள் இருந்தார்கள், அவள் கண்கள் ஓடி என்னிடம் வந்து நின்றன. "அங்கிள், ப்ளீஸ்," என்றாள். என் எடை 84 கிலோ. எடை கூடியவரைத் தேர்வது துணிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன்; வெள்ளிக்கிழமை நடந்ததை அவளும் பார்த்திருந்தாள் என்பது பிறகே நினைவுக்கு வந்தது, மூன்று முறை சும்மா விழுந்தவனை அழைத்துவிட்டாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இக்கியோ, நிக்கியோ, இரிமிநாகே ஆகிய நுட்பங்கள் எல்லாம் சரியாகவே போயின. ஷிஹோநாகே சொன்னார் சென்செய். நான் அவள் மணிக்கட்டை உண்மையாகப் பிடித்தேன். அவள் பதற்றத்தில் காலை முன்வைக்காமல் கையை மட்டும் தூக்கப் பார்த்தாள். என் கை அசையவில்லை. இடுப்பு அசையவில்லை. அந்த ஒரு நொடியில் என் முழங்கால்கள் மடங்கத் துடித்ததை நான் உணர்ந்தேன், முப்பது பேர், அவளுடைய அம்மா சுவரோரம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஒரு சின்னச் சாய்வு போதும், யாருக்கும் தெரியாது. நின்றேன். அவள் முகம் சிவந்தது. இன்னொரு முறை இழுத்தாள், அப்போதும் நின்றேன். கூடத்தில் மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் இழுப்பதை விட்டுவிட்டாள். மூச்சை விட்டு, பிடிபட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு, காலைச் சுழற்றி என் பக்கத்தில் வந்து நின்றாள், நான் பார்க்கும் திசையிலேயே பார்த்தபடி. என் எடை எதைத் தள்ளிக்கொண்டிருந்ததோ அது அங்கே இல்லை. குதிகால் எழும்பியது. கை தலைக்கு மேல் போனது, வானம், அதாவது மின்விசிறி, தெரிந்தது. முகவாயை ஒட்டிக்கொள்ள நேரம் இருந்தது, அவ்வளவே. வீங்கிய தோளின் மேல்தான் விழுந்தேன்.

தேர்ச்சி என்று அறிவித்தார் சென்செய், ஷிஹோநாகேயில் கால் வேலை இன்னும் வேண்டும் என்ற குறிப்போடு. அவள் எனக்குக் குனிந்து "தோமோ அரிகாதோ கொசாய்மாஷ்தா", அதாவது மிக்க நன்றி, என்றாள், முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. விரிப்புகளை அடுக்கும்போது என் பக்கம் வரவில்லை. பதினாறு வயதில் நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

மாமி தம் ஹகாமாவைக் கழற்றித் தரையில் விரித்தார். கறுப்புப் பட்டை பெற்றவர்கள் சட்டைக்கு மேல் கட்டும் அகன்ற பாவாடை போன்ற உடை அது, முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு, மொத்தம் ஏழு மடிப்பு. இளையவர்கள் மூத்தவர்களுடையதை மடித்துத் தருவது முறை என்பதால் நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு மடிப்பின் விளிம்பையும் இரண்டு விரலால் நீவி நேராக்கி, நீளவாக்கில் மூன்றாக மடித்து, நான்கு நாடாக்களையும் குறுக்கே பின்னி முடிய வேண்டும். எனக்கு மூன்றாவது மடிப்பு நழுவிக்கொண்டே இருந்தது. "எங்க பாட்டியோட ஒம்பது கஜத்துக்குக் கொசுவம் வெச்சுப் பழகினவளுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லை, தள்ளுங்கோ," என்று அவரே மடித்துவிட்டு, கடைசி முடிச்சை மட்டும் எனக்கு விட்டார்.

இரவு வண்டி. என் சட்டை இன்னும் காயவில்லை. மதினி அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, அதன் மேல் இட்லிப் பொட்டலத்தை வைத்து, "தம்பி, இன்னும் நாலு வைக்கட்டா?" என்றார். வயிற்றைப் பார்த்துக்கொண்டு, எட்டு வையுங்க மதினி என்றேன். வைத்தார். கல்யாண் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சி, பெட்டிக்குள் ஏதோ நாய் நனைந்து ஏறியிருக்கிறதோ என்று சுற்றும்முற்றும் பார்த்தார். பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, என்னுடையதுதான் சார் என்று சொல்லி, அவருக்கு இரண்டு இட்லி கொடுத்தேன்.